வண்டலூர் சஃபாரி போகிறீர்களா? சிங்கம் எழுந்து நடக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர ஒரு வழிகாட்டி

வண்டலூர் போய்விட்டு வந்தவர்களிடம் எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். முக்கால்வாசிப் பேர் சொல்வது இதுதான்: "கால் போச்சு, வெயில் மண்டையைப் பிளந்துச்சு, போன இடமெல்லாம் எல்லாம் தூங்கிக்கிட்டு இருந்துச்சு." அவர்கள் சொல்வது உண்மைதான். வீட்டில் டிபனை முடித்து, பிள்ளைகளைக் கிளப்பி, பதினொன்றரைக்கு டிக்கெட் கவுண்டரில் நின்று, உச்சி வெயிலில் புலி முன்னால் போய் நின்றால் புலி என்ன செய்யும்? நிழல் பார்த்துப் படுத்திருக்கும். சிங்கம் இன்னும் மோசம், ஒரு நாளில் 20 மணி நேரம் வரைக்கும் படுத்தே கழிக்கும் பிராணி அது. காட்டில் இருந்தாலும் அப்படித்தான், பூங்காவில் இருப்பதால் சோம்பேறி ஆகிவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

இதே பூங்காவை, இதே விலங்குகளை, இரண்டு மணி நேரம் முன்னால் போய்ப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கும். நான் சொல்ல வருவதில் பாதி அதுதான். மீதிப் பாதி, எல்லாக் கூண்டையும் பார்த்து முடிக்க வேண்டும் என்ற எண்ணத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள் என்பது. அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா 600 ஹெக்டேர் பரப்பு, ஒரே நாளில் நடந்து தீராது. நாலைந்து இடத்தில் ஒவ்வொன்றிலும் இருபது நிமிடம் நின்றால் கிடைப்பது, நாற்பது இடத்தில் இரண்டிரண்டு நிமிடம் நின்றால் கிடைக்காது.

எந்த நாள், எந்த நேரம்

செவ்வாய்க்கிழமை விடுமுறை. இதை மறந்து குடும்பத்தோடு ரயிலேறி வந்து, பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களை இன்றைக்கும் பார்க்கலாம். பொங்கல் மாதிரி பண்டிகை வாரத்தில் செவ்வாய் வந்தால் சில சமயம் திறந்து வைப்பார்கள், அதைச் செய்தியில் சொல்லுவார்கள். மற்றபடி காலை 9 மணிக்குத் திறந்து மாலை 5 மணிக்கு மூடும். நீங்கள் எட்டே முக்காலுக்கு வாசலில் இருக்க வேண்டும். டிக்கெட்டை முந்தின நாளே பூங்காவின் இணையதளத்தில் எடுத்துவிட்டால் அந்த வரிசையும் மிச்சம், கட்டணம் அவ்வப்போது மாறுவதால் விலையையும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.

புதன், வியாழன், வெள்ளி காலைகள் நல்லது. ஞாயிறு வேண்டாம். காணும் பொங்கல் அன்று போகவே போகாதீர்கள், அது விலங்கு பார்க்கும் நாளே கிடையாது, கூட்டம் பார்க்கும் நாள். வேறு வழியில்லாமல் அந்த வாரத்தில் போகிறீர்கள் என்றால் சின்னப் பிள்ளைகளின் கையில் பெற்றோர் ஃபோன் நம்பர் எழுதிய பட்டையைக் கட்டிவிடுங்கள். கூட்ட நாட்களில் பூங்கா ஆட்களே வாசலில் அப்படிக் கட்டிவிடுவது உண்டு. கட்டாவிட்டால் நீங்களே பேனாவால் கையில் எழுதிவிடுங்கள்.

மாதம் என்று பார்த்தால் நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. மழை பெய்து ஓய்ந்து, வெயில் இன்னும் ஏறாத சமயம். ஏப்ரல், மே மாதத்தில் போவதற்கும் ஒரு காரணம் உண்டு: கரடிக்குப் பழம் வைத்து உறைய வைத்த ஐஸ் கட்டி, யானைக்குக் குளியல், குரங்குகளுக்குத் தர்பூசணி என்று கோடைக்காலக் கவனிப்பு நடக்கும், கரடி அந்த ஐஸ் கட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நக்கும் அழகைப் பார்த்தால் பிள்ளைகள் நகர மாட்டார்கள். ஆனால் அதற்கும் காலையிலேயே போய்விட்டு வந்துவிட வேண்டும், பன்னிரண்டுக்கு மேல் நமக்கே தாங்காது.

மாலை நாலு மணி இன்னொரு நல்ல நேரம் என்று சொல்வார்கள், பாதி உண்மை. இந்தப் பூங்காவில் பெரிய விலங்குகள் இரவில் வெட்டவெளியில் இருப்பதில்லை. ஒவ்வொரு அடைப்புக்கும் பின்னால் ஓர் அறை இருக்கிறது, சாயங்காலம் அங்கேதான் சாப்பாடு. அதனால் சாயங்காலம் ஆக ஆகப் புலியும் சிங்கமும் எழுந்து அந்தக் கதவுப் பக்கம் போய் நடக்க ஆரம்பிக்கும், கதவிடுக்கில் மூக்கை வைத்து மோந்து பார்க்கும், கீப்பரின் காலடிச் சத்தத்துக்குக் காதைத் திருப்பும். எழுந்து நடப்பதைப் பார்க்கலாம், ஆனால் கதவு திறந்த அடுத்த நொடி உள்ளே போய்விடும், நீங்கள் வெறும் புல்தரையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். காலைதான் நிச்சயம்.

சஃபாரி

உள்ளே நுழைந்ததும் முதல் வேலை சிங்க சஃபாரி வண்டி அன்றைக்கு ஓடுகிறதா, அடுத்த வண்டி எப்போது என்று கேட்பது. கொரோனா காலத்தில் நின்ற சஃபாரி 2023 அக்டோபரில்தான் திரும்ப ஆரம்பித்தது, அதிலிருந்து கூட்டம் குறையவே இல்லை. பிற்பகல் வண்டிக்காகக் காத்திருக்காமல் காலையின் முதல் வண்டிகளில் ஏறிவிடுங்கள். நுழைவு டிக்கெட் வேறு, சஃபாரி டிக்கெட் வேறு, இரண்டும் ஒன்று என்று நினைத்து அங்கே போய்ச் சண்டை போட வேண்டாம்.

வண்டி இரட்டைக் கதவு வழியாக உள்ளே போகும். முதல் கதவு மூடிய பிறகுதான் இரண்டாவது திறக்கும். பிள்ளைகளுக்கு அதைக் காட்டுங்கள், ஏன் அப்படி என்று கேட்பார்கள், நல்ல கேள்வி. உள்ளே போனபின் ஆளுக்கொரு பக்கம் எட்டிப் பார்க்காமல் இரண்டு பேர் இடது, இரண்டு பேர் வலது என்று பிரித்துக்கொள்ளுங்கள். சிங்கத்தின் நிறம் காய்ந்த புல்லின் நிறம், பத்தடி தூரத்தில் படுத்திருந்தாலும் கண் தாண்டிப் போய்விடும். முழுச் சிங்கத்தைத் தேடாதீர்கள். காது தேடுங்கள், இல்லாவிட்டால் வால் நுனியில் இருக்கும் கறுப்புக் குஞ்சம். பூனைக் குடும்பத்திலேயே வால் நுனியில் குஞ்சம் உள்ளது சிங்கம் மட்டும்தான். ஈ விரட்ட அது வாலை ஆட்டிக்கொண்டே இருக்கும், அந்த அசைவு கண்ணில் பட்டுவிட்டால் மீதி உடம்பு தானாகத் தெரியும்.

ஒரு சிங்கம் தரையிலோ மரத்தடியிலோ மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கி, மேலுதட்டைச் சுருட்டி, வாயைப் பாதி திறந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் கோபத்தில் உறுமப் போகிறது என்று பயப்பட வேண்டாம். இன்னொரு சிங்கம் விட்டுப்போன வாடையை மேல் அண்ணத்தில் உள்ள ஓர் உறுப்புக்குக் கொண்டுபோய்ப் படிக்கிறது, அவ்வளவுதான். சில நொடிதான் நீடிக்கும். வண்டியில் எல்லாரும் "ஐயோ பல்லைக் காட்டுது" என்று கத்தினால் அந்தச் சில நொடியும் போய்விடும்.

அப்புறம் வயிற்றைப் பாருங்கள். ஆசியச் சிங்கத்துக்கு அடிவயிற்றில் நீளவாக்கில் தோல் மடிப்பு ஒன்று தொங்கும், பிடரி குட்டையாக இருப்பதால் காது வெளியே தெரியும், ஆப்பிரிக்கச் சிங்கத்தில் இவை அவ்வளவாக இருக்காது. காட்டில் ஆசியச் சிங்கம் இருக்கும் ஒரே இடம் குஜராத்தின் கிர் காடும் அதைச் சுற்றிய பகுதியும். 2020ல் 674 என்று எண்ணினார்கள், 2025 கணக்கெடுப்பில் 891. நல்ல செய்திதான், ஆனால் எல்லாமே ஒரே மாநிலத்தில் இருக்கின்றன, ஒரு கொள்ளை நோய் வந்தால் என்னவாகும் என்ற கவலை வனவிலங்குக்காரர்களிடம் ரொம்ப காலமாக இருக்கிறது.

கை விஷயம். சன்னல் வலை வழியாக விரலோ ஃபோனோ ஒரு அங்குலம்கூட வெளியே போகக் கூடாது. இதை எல்லா வண்டியிலும் சொல்கிறார்கள், எல்லா வண்டியிலும் யாராவது ஒருவர் ஃபோனை வெளியே நீட்டுகிறார். 2025 ஆகஸ்டில் பெங்களூரு பக்கத்துப் பன்னர்கட்டா பூங்காவில் சஃபாரி வண்டியின் சன்னலில் ஏறிய சிறுத்தை ஒன்று உள்ளே இருந்த சிறுவனைக் கையில் கீறிவிட்டது. சிறுத்தை ஏறும், தாவும். சிங்கம் அந்த அளவுக்கு இல்லை என்றாலும், நகம் வெளியே வர எடுக்கும் நேரத்தில் நம் கை உள்ளே வராது. படம் எடுக்க வேண்டுமா, வலையின் ஓட்டைக்கு நேராக லென்ஸை உள்பக்கமாகவே ஒட்டி வையுங்கள், வலை படத்தில் மங்கிப் போய்விடும். ஃபிளாஷை வண்டி ஏறும் முன்பே அணைத்துவிடுங்கள்.

காணாமல் போன சிங்கம் பற்றி

2025 அக்டோபரில் வண்டலூர் என்றாலே எல்லாரும் கேட்டது ஷெர்யார் பற்றித்தான். பெங்களூரிலிருந்து 2023ல் வந்த இளம் ஆண் சிங்கம். சஃபாரிப் பகுதியில் திறந்துவிட்டபோது சாயங்காலம் சாப்பாட்டுக்கு அறைக்குத் திரும்பவில்லை. ட்ரோன், வெப்பத்தைக் காட்டும் கேமரா எல்லாம் வைத்துத் தேடினார்கள், இரண்டு மூன்று நாள் கழித்து அதுவே அறைக்கு வந்து சேர்ந்தது. இதற்குள் ஊரப்பாக்கம், பெருங்களத்தூர் பக்கம் ஃபோனில் பரவிய செய்திகளைப் படித்துவிட்டுப் பிள்ளைகளை வெளியே விடாதவர்கள் உண்டு.

அதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்றால், இந்த மாதிரிச் செய்தி வரும்போது பார்க்க வேண்டியது ஒரே விஷயம்: விலங்கு அறைக்கு வரவில்லையா, வேலிக்கு வெளியே போய்விட்டதா? இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். சஃபாரிப் பகுதி புதரும் மரமுமாக உள்ள, சுற்றி வேலி போட்ட காடு. அதில் புதிதாக விடப்பட்ட ஒரு சிங்கத்துக்கு எந்தப் பாதையில் போனால் அறை, எந்தச் சத்தத்துக்கு அர்த்தம் சாப்பாடு என்பதெல்லாம் பழகித்தான் வர வேண்டும். முதல் நாளே பழகாததில் ஆச்சரியம் இல்லை. அந்த மாதிரி நாட்களில் சஃபாரி வண்டியை நிறுத்திவிடுவார்கள், அப்போது கவுண்டரில் இருப்பவரிடம் கோபப்படாமல் மீதிப் பூங்காவைப் பாருங்கள்.

குட்டி பிறந்த செய்தி வந்தாலும் இதே பொறுமை வேண்டும். தாய் குட்டியோடு இருக்கும் இடத்தை வாரக் கணக்கில், சில சமயம் மாதக் கணக்கில் யாருக்கும் காட்ட மாட்டார்கள். சத்தத்தில் மிரண்ட தாய் குட்டியை ஒதுக்கிவிடும், அதனால்தான். ஜெயலலிதா முதல்வராக இருந்தபோது இங்கே பிறந்த புலிக்குட்டிகளுக்கு அவரே பெயர் வைத்தார், பேப்பரில் படம் வரும், மறுநாளே பார்க்க ஓடுவார்கள். பெயர் வந்துவிட்டது என்பதற்காகக் குட்டி வெளியே வந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

காய்ச்சல் இருந்தால் போகாதீர்கள்

இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். 2021 ஜூனில் நீலா என்ற 9 வயதுப் பெண் சிங்கம் இங்கே இறந்தது. கொரோனா. அதே மாதத்தில் ஓர் ஆண் சிங்கமும் போனது. பரிசோதித்தபோது இன்னும் பல சிங்கங்களுக்குத் தொற்று இருந்தது, டெல்டா வகை. அப்போது பூங்காவில் பார்வையாளர்களே இல்லை, மூடித்தான் இருந்தது. மனிதர்களிடமிருந்து விலங்குகளுக்கு நோய் போகும் என்பதை நாம் எல்லாரும் அப்போதுதான் கண்ணால் பார்த்தோம்.

குரங்கினங்களுக்கு இது இன்னும் பொருந்தும். நம் சாதாரணச் சளிக் கிருமியே சிம்பன்சியைப் படுக்க வைத்துவிடும். வீட்டில் பிள்ளைக்கு மூக்கு ஒழுகுகிறது, டிக்கெட் எடுத்தாயிற்று, வீணாகிவிடும் என்று கிளம்புகிறோம் இல்லையா, அந்தப் பணம் போனால் போகட்டும். அடுத்த வாரம் போங்கள்.

தீனி போடுவது பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "ஒரு பிஸ்கெட்தானே" என்பார்கள். கருமந்தி, அனுமன் குரங்கு இரண்டும் இலை தின்னிகள், மாட்டுக்கு இருப்பதுபோல வயிற்றில் பல அறைகள், அங்கே இருக்கும் நுண்ணுயிர்கள்தான் இலையைப் புளிக்க வைத்துச் செரிக்கின்றன. மாவும் சர்க்கரையும் அங்கே போனால் அமிலம் ஏறி வயிறு உப்பும். மானுக்கும் அதே கதை, ரொட்டியும் சோறும் அதற்கு விஷம் மாதிரி. நாம் வீசும்போது அது ஆசையாகத் தின்னும், அன்று ராத்திரி அது படும் பாட்டை நாம் பார்ப்பதில்லை, காலையில் கீப்பர்தான் பார்க்கிறார். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஜெ பிரிவு பூங்கா விலங்குக்குத் தீனி போடுவது, சீண்டுவது, கத்தித் தொந்தரவு செய்வது, குப்பை போடுவது எல்லாவற்றையும் தடை செய்கிறது. பக்கத்தில் யாராவது கல்லெடுத்தால் நாமே சொல்லலாம், கேட்காவிட்டால் காவலரைக் கூப்பிடலாம். நான் கூப்பிட்டிருக்கிறேன், வந்து கண்டித்துவிட்டுத்தான் போனார்கள்.

எங்கே நின்று பார்ப்பது

சஃபாரி முடிந்தபின் எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு என் முதல் பதில் சிங்கவால் குரங்கு. சோலைமந்தி என்றும் சொல்வார்கள். வால்பாறைப் பக்கம் காட்டில் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும், மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் காட்டில் கிடையாது. இந்த இனத்தைப் பெருக்கும் திட்டத்தில் வண்டலூருக்கு முக்கியப் பங்கு. காலையில் பழம் வைத்த பிறகு போய் நில்லுங்கள். முதலில் மெல்லாது. கைக்கு அகப்பட்டதை எல்லாம் கன்னத்துக்குள் திணிக்கும், இரண்டு கன்னமும் தாடைக்குக் கீழே வரை புடைத்துவிடும். அப்புறம் உயரமான கிளைக்குப் போய் உட்கார்ந்து, புறங்கையால் கன்னத்தை வெளியிலிருந்து அழுத்தி அழுத்தி ஒவ்வொன்றாக வாய்க்குள் கொண்டுவந்து நிதானமாக மெல்லும். மேலே இருக்கும் பெரிய ஆண் கீழே இறங்கினால் மற்றவை எப்படி விலகுகின்றன, குட்டிக்கு மட்டும் எப்படிச் சலுகை என்று பார்க்க ஆரம்பித்தால் அரைமணி நேரம் போவதே தெரியாது. கருமந்திக்கு இந்தக் கன்னப்பை கிடையாது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும்.

நீர்யானை. தண்ணீரும் மூக்கும் மட்டும் தெரிகிறது என்று நகர்ந்துவிடுகிறார்கள். மூச்சுக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறையாவது மேலே வந்தே தீர வேண்டும், அதற்கு முன்பே பெரும்பாலும் வந்துவிடும், அதனால் நின்றால் கட்டாயம் பார்க்கலாம். கரையேறி நிற்கும்போது தோலில் சிவப்பாக ஏதோ கசியும், ரத்தம் என்று பதறாதீர்கள், வெயிலிலிருந்து தோலைக் காக்க அது தானே சுரப்பது. சாணம் போடும்போது வாலை விசிறி மாதிரிச் சுழற்றி நாலா பக்கமும் அடிக்கும், முன்வரிசையில் நிற்கும் பிள்ளைகளுக்கு அதுவே அன்றைய பெரிய வேடிக்கை.

வெள்ளைப் புலி முன்னால்தான் எப்போதும் கூட்டம். அது தனி இனம் என்று நினைத்துக்கொண்டுதான் பெரும்பாலானவர்கள் பார்க்கிறார்கள். சாதாரண வங்கப் புலிதான், நிறத்துக்கான ஒரு மரபணு மாற்றம் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால் குட்டி வெள்ளையாகிவிடும். இன்று பூங்காக்களில் உள்ள வெள்ளைப் புலிகளில் மிகப் பெரும்பாலானவை 1951ல் இன்றைய மத்தியப் பிரதேசத்தின் ரேவாவுக்குப் பக்கத்தில் பிடிபட்ட மோகன் என்ற ஒரே ஆண் புலியின் வம்சம். அந்த நிறத்துக்காக உறவுக்குள்ளேயே சேர்த்துச் சேர்த்துப் பெருக்கியதில் மாறுகண் முதல் பல கோளாறுகள் சேர்ந்துவிட்டன. அழகாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் எனக்கு மஞ்சள் புலியிடம்தான் நேரம் செலவழிக்கப் பிடிக்கும், காதின் பின்பக்கத்தில் இருக்கும் வெள்ளைப் பொட்டு, அது திரும்பி நடக்கும்போது இரண்டு கண் நம்மைப் பார்ப்பதுபோலவே இருக்கும். புலி பின்பக்கத்தைக் காட்டி வாலைத் தூக்கினால் மட்டும் வலைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் விலகிவிடுங்கள், எல்லைக் குறி பீய்ச்சுவது சில அடி தூரம் வரும், வாடை சட்டையை விட்டுப் போகாது.

பல இடங்களில் புலியும் சிங்கமும் அகழிக்கு அந்தப் பக்கம் திறந்தவெளியில் இருப்பதால் கம்பி இல்லாமல் பார்க்கலாம், படம் நன்றாக வரும். அதற்காகக் கைப்பிடிச் சுவரில் பிள்ளையை ஏற்றி உட்கார வைப்பது மட்டும் கூடவே கூடாது. 2014ல் தில்லி பூங்காவில் வெள்ளைப் புலியின் அகழிக்குள் விழுந்த இளைஞர் உயிரோடு வரவில்லை. தோளில் தூக்கிக்கொண்டு ஓரடி தள்ளி நின்றாலே பிள்ளைக்கு நன்றாகத் தெரியும்.

ஓட்டேரி ஏரியை விட்டுவிடாதீர்கள். பூங்காவுக்குள்ளேயே இருக்கிறது, டிக்கெட் வாங்கியவர்களில் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த வருடத்தில் நத்தைகுத்தி நாரை, வக்கா, நீர்க்காகம், பாம்புத்தாரா என்று மரம் கொள்ளாமல் உட்கார்ந்திருக்கும். இவை கூண்டுப் பறவைகள் இல்லை, வெளியிலிருந்து தானாக வருபவை. தண்ணீர் வற்றிய வருடத்தில் ஒன்றும் இருக்காது. பைனாகுலர் இருந்தால் எடுத்துப் போங்கள், இங்கேதான் பயன்படும்.

நடை, சாப்பாடு, மற்றவை

பேட்டரி வண்டி இருக்கிறது, வாடகைக்கு சைக்கிளும் கிடைக்கும். வயதானவர்கள் உடன் இருந்தால் பேட்டரி வண்டிக்கு யோசிக்கவே வேண்டாம், ஏறிவிடுங்கள். ஆனால் அது எங்கே எவ்வளவு நேரம் நிற்கும் என்பதை ஏறும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், சில இடங்களில் ஓட்டத்திலேயே காட்டிவிட்டுப் போகும். எனக்குப் பிடித்தது சைக்கிள். விரும்பிய இடத்தில் நிறுத்தலாம், நிழல் பாதையில் ஓட்டுவதே தனி சுகம்.

நிழல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது பூங்காவில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன, திறக்கவே வெகு நாளாயிற்று. அப்போது நட்ட கன்றுகள் இப்போது வளர்ந்துவிட்டாலும் பழைய அடர்த்தி வர இன்னும் காலமாகும். தொப்பி கட்டாயம். பளிச்சென்ற சட்டையைவிட மங்கலான நிறம் நல்லது, கண்ணாடிக்குப் பின்னால் உள்ள பாம்பைப் படம் எடுக்கும்போதும் வெள்ளைச் சட்டைதான் கண்ணாடியில் தெரிந்து படத்தைக் கெடுக்கும்.

தண்ணீரை எவர்சில்வர் பாட்டிலில் கொண்டு போங்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை, வாசலில் பையைச் சோதிப்பார்கள், சிப்ஸ் பாக்கெட்டை வைத்துக்கொண்டு அங்கே வாதாடுவதில் பயனில்லை. மான் வயிற்றில் போன பிளாஸ்டிக் பை வெளியே வராது. சாப்பாட்டை நுழைவாயில் பக்கத்தில் முடித்துவிட்டு உள்ளே போவதுதான் நிம்மதி, இல்லாவிட்டால் சுற்றித் திரியும் நாட்டுக் குரங்குகள் பையைப் பிடுங்கும். பிடுங்கினால் விட்டுவிடுங்கள், இழுத்தால் கடிக்கும்.

அன்றைக்கே முதலைப் பண்ணையையும் பார்த்துவிடலாம் என்று கேளம்பாக்கம் சாலை வழியாக ஈசிஆர் போகத் திட்டம் போடுகிறார்கள். வேண்டாம். இரண்டும் அரைகுறையாகத்தான் முடியும். வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குத் தனியாக ஒரு நாள் வையுங்கள்.

விலங்கைத் தத்தெடுப்பது

பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு என்ன செய்வது என்று யோசிப்பவர்களுக்கு ஒரு யோசனை. பூங்காவில் விலங்குகளைத் தத்தெடுக்கும் திட்டம் இருக்கிறது. நடிகர் சிவகார்த்திகேயன் அனு என்ற வெள்ளைப் புலியைத் தத்தெடுத்தபோது பலருக்கும் தெரியவந்தது. புலி, யானைக்கு லட்சக் கணக்கில் ஆகும் என்று பயந்துவிட வேண்டாம், சின்னப் பறவைகளும் பட்டியலில் உண்டு, ஒரு மாதத்துக்கு, ஒரு நாளைக்கு என்று கொடுக்கவும் வழியிருக்கும், அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். "இந்தக் கிளியின் இன்றைய சாப்பாடு என்னுடையது" என்று தெரிந்த பிள்ளை அதன் மீது கல்லெறியாது. வீட்டுக்குப் போனபின் அந்தக் கிளி என்ன தின்னும், எங்கே கூடு கட்டும் என்று தானாகவே தேட ஆரம்பிக்கும்.

இந்தப் பூங்காவுக்கு வயதும் அதிகம். 1855ல் எழும்பூர் பாந்தியன் சாலை அருங்காட்சியக வளாகத்தில் எட்வர்ட் பால்ஃபர் தொடங்கி வைத்தது, சில வருடங்களில் சென்ட்ரல் பக்கத்து மக்கள் பூங்காவுக்குப் போனது, மிருகக்காட்சி சாலை என்று பெரியவர்கள் சொல்வது அந்த இடத்தைத்தான். இடம் போதாமல் வண்டலூர் காட்டுக்கு மாற்றி, 1985 ஜூலையில் எம்.ஜி.ஆர். திறந்து வைத்தார். வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் பழைய இடம் எப்படி இருந்தது என்று போகும் வழியில் கேளுங்கள், இரும்புக் கம்பிக்குப் பின்னால் சிங்கம் நாலடி நடந்து நாலடி திரும்பியதைச் சொல்வார்கள்.

போய் வர

மின்சார ரயில்தான் சரி. கடற்கரை - செங்கல்பட்டு வண்டியில் வண்டலூரில் இறங்கினால் வாசல் பக்கம்தான், நடந்தே வந்துவிடலாம். தாம்பரத்தோடு நின்றுவிடும் வண்டியில் ஏறிவிட்டால் அங்கே மாற வேண்டும், போர்டைப் பார்த்து ஏறுங்கள். வெளியூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்களுக்குக் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்த பிறகு ரொம்ப வசதி, விடியற்காலையில் இறங்கி, அங்கேயே குளித்து டிபன் முடித்து எட்டரைக்குக் கிளம்பினால் நேரம் சரியாக இருக்கும். காரில் வருவதானால் ஜிஎஸ்டி சாலையில் காலை எட்டு மணிக்குள் பெருங்களத்தூரைத் தாண்டிவிடுங்கள். திரும்பும்போது மதியம் ஒரு மணிக்கே கிளம்பிவிடுவது நல்லது, வெள்ளிக்கிழமையும் ஞாயிறும் மாலை நாலு மணிக்கு மேல் அந்தச் சாலையில் தாம்பரம் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.